மைனஸில் போன மாங்காய்: ஒரு புரோகிராமை நிரூபிப்பது என்றால் என்ன?

கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணத்தில் என் அக்கா வீட்டுக்காரர் சின்னதாக ஒரு மாங்காய் மண்டி வைத்திருக்கிறார். பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்த அக்கா மகன் அந்த மண்டிக்காக ஒரு பெட்டி செய்து கொடுத்தான். எடைமேடையில் மூன்று மூன்று கிரேட்டாக அடுக்கி வைப்பார்கள். பட்டனை அழுத்தினால், பெட்டி அந்த எடையை வாங்கி, மூன்று காலி கிரேட்டுக்காக 6 கிலோ கழித்து, மீதியை அன்றைய மொத்தத்தோடு கூட்டிச் சிவப்பு எழுத்தில் காட்டும். உள்ளே இருந்தது அர்டுயினோ என்ற ஒரு சின்னக் கணினிப் போர்டும் நாற்பது வரி புரோகிராமும்தான்.

தை மாதம் சோதித்தான். மாங்காய் இல்லாத காலம் என்பதால் கிரேட்டில் தேங்காயை நிரப்பி நூறு முறை எடை போட்டான். நோட்டில் எழுதிய கணக்கும் பெட்டி காட்டிய கணக்கும் கிலோ பிசகாமல் ஒத்துப்போயின. சித்திரையில் பெட்டி மண்டிக்கு வந்தது. வைகாசிக் கடைசியில், லாரி மேல் லாரியாகக் கிளிமூக்கு மாங்காய் இறங்கிய ஒரு மதியம், மொத்தம் 32,740 என்று நின்றது. அடுத்த அடுக்கு, கழிவு போக 60 கிலோ. பட்டனை அழுத்தினார்கள். பெட்டி −32,736 என்றது.

“இப்ப நான் மண்டிக்குக் கடன்காரனா?” என்று லோடு கொண்டுவந்த பெரியவர் கேட்டாராம். பையனுக்கு முகம் செத்துவிட்டது. “டெஸ்ட் பண்ணினேன் மாமா, நூறு தடவை பண்ணினேன்” என்று என்னிடம் வந்து நின்றான்.

அவன் பொய் சொல்லவில்லை. சோதித்தது உண்மை. ஆனால் “சோதித்துப் பார்த்தேன், தப்பு வரவில்லை” என்பது ஒரு பேச்சு. “தப்பு வரவே முடியாது” என்பது வேறு பேச்சு. இந்த இரண்டாவது பேச்சைக் கணக்குப் போட்டு உறுதிசெய்கிற துறைக்கு ஃபார்மல் வெரிஃபிகேஷன் என்று பெயர். தமிழில் முறைசார் சரிபார்ப்பு. இப்போதெல்லாம் விளம்பரத்தில்கூட ‘நூறு சதம் வெரிஃபைடு’ என்று அடித்து விடுகிறார்கள். நிறைய சோதிப்பதுதான் அது என்று சிலர் நினைக்கிறார்கள். நிரூபித்துவிட்டால் எந்தக் காலத்திலும் பழுதாகாது என்று சிலர் நினைக்கிறார்கள். இரண்டும் இல்லை.

ஸ்கூட்டர் மீட்டரும் ராக்கெட்டும்

பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் மீட்டரைப் பார்த்திருப்பீர்கள். ஐந்து சக்கரம். 99,999 ஓடியதும் அடுத்த கிலோமீட்டரில் 00000 ஆகிவிடும். வண்டி புதுசாகிவிடவில்லை, எண்ணை எழுத இடம் தீர்ந்துவிட்டது.

அக்கா மகனின் பெட்டியில் இருந்ததும் இப்படி ஒரு மீட்டர்தான். அந்தப் போர்டில் சாதாரண முழு எண்ணுக்கு ஒதுக்கப்படும் இடம் 16 பிட். பிட் என்பது 0 அல்லது 1 மட்டும் உட்காரக்கூடிய ஒரு நாற்காலி என்று வைத்துக்கொள்ளுங்கள். 16 நாற்காலியில் 65,536 விதமாக உட்காரலாம். அதில் பாதியை மைனஸ் எண்களுக்குக் கொடுத்துவிட்டால், மேல்பக்கம் 32,767-தான் எல்லை. அதைத் தாண்டினால் மீட்டர் சுற்றிக்கொண்டு மைனஸ் பக்கத்துக் கடைசி முனையில் போய் நிற்கும். 32,740-உம் 60-உம் 32,800. அதில் 65,536-ஐக் கழித்தால் −32,736. பெட்டி தன் வழியில் சரியாகத்தான் கூட்டியிருக்கிறது!

இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்களுக்கு ஒரு தகவல். 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட் முதல் பயணத்தில் கிளம்பி 40 விநாடிக்குள் வெடித்துச் சிதறியது. அதன் திசையறியும் கருவியின் புரோகிராம், கிடைவேகத்தோடு தொடர்புடைய ஒரு 64 பிட் எண்ணை 16 பிட் இடத்துக்குள் திணிக்கப் பார்த்தது. எண் கொள்ளவில்லை, கருவி நின்றுபோனது. மாற்றுக்கருவி இருந்தது, ஆனால் அதிலும் ஓடியது அதே புரோகிராம். முந்தைய ஏரியான் 4-இல் அது ஒழுங்காக ஓடிய புரோகிராம்தான். புது ராக்கெட் பழையதைவிட வேகமாகக் கிடைத்திசையில் பாய்ந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். இன்னொரு கொடுமை, அந்தக் கணக்கே கிளம்பிய பிறகு தேவையில்லாத கணக்கு.

தை மாதத்துத் தேங்காயும் வைகாசி மாதத்து மாங்காயும் மாதிரிதான் ஏரியான் 4-உம் 5-உம்.

சரி, இன்னும் நிறைய சோதித்திருக்கலாமே? எவ்வளவு என்று ஒரு கணக்குப் போடுவோம். இரண்டு 16 பிட் எண்களைக் கூட்டுகிற ஒரே ஒரு வரியை எல்லா விதத்திலும் சோதிக்க, 65,536 × 65,536, அதாவது சுமார் 429 கோடி முறை கூட்டிப் பார்க்க வேண்டும். ஒரு முறைக்கு ஆயிரத்தில் ஒரு விநாடி என்றால் 50 நாள். போகட்டும், செய்துவிடலாம். அதுவே 64 பிட் எண்கள் என்றால், விநாடிக்கு 100 கோடி வீதம் சோதித்தாலும், பிரபஞ்சத்தின் வயதான 1,380 கோடி ஆண்டைப் போல எழுபதாயிரம் கோடி மடங்குக்கு மேல் ஆகும். ஒரே ஒரு கூட்டலுக்கு!

1994-இல் இன்டெல் நிறுவனத்தின் பென்டியம் கணினிச் சிப்பில் வெளிப்பட்ட வகுத்தல் பிழை இப்படிச் சோதனைக்குத் தப்பியதுதான். வகுத்தலுக்காக சிப்புக்குள் இருந்த அட்டவணையில் 5 இடங்கள் நிரப்பப்படாமல் விட்டுப்போயின. அந்த இடங்களைத் தொடுகிற எண்கள் மிக அபூர்வம். ஒரு கணிதப் பேராசிரியரின் நுணுக்கமான ஆராய்ச்சிக் கணக்கில்தான் அது மாட்டியது. நிறுவனம் ஒதுக்கிய செலவு 47.5 கோடி டாலர். சிப் செய்கிறவர்கள் முறைசார் சரிபார்ப்பைக் கையில் எடுத்ததற்கு இந்தத் தொகை ஒரு பெரிய காரணம்.

டச்சுக் கணினியியலாளர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா இந்த விஷயத்தை 1970 வாக்கிலேயே அழுத்திச் சொல்லிவிட்டார்: சோதனை பிழை இருப்பதைக் காட்டும், இல்லாததைக் காட்டாது.

இதுவரை பார்த்தது: சோதனை என்பது சில எடைகளைப் போட்டுப் பார்ப்பது. போடாத எடையைப் பற்றி அது வாய் திறக்காது. எல்லா எடையையும் போட்டுப் பார்க்க ஆயுசு போதாது.

இரண்டு கூடை, ஒற்றைப்படை

எல்லாவற்றையும் போட்டுப் பார்க்காமலே எல்லாவற்றையும் பற்றிப் பேச முடியுமா? முடியும். பள்ளியிலேயே செய்திருக்கிறோம்.

ஒரு கூடையில் ஒற்றைப்படை எண்ணிக்கையில் மாங்காய். இன்னொரு கூடையிலும் ஒற்றைப்படை. இரண்டையும் ஒன்றாகக் கொட்டினால் இரட்டைப்படைதான் வரும் என்கிறேன். நீங்கள் 3-உம் 5-உம் கூட்டிப் பார்க்கலாம், 17-உம் 29-உம் கூட்டிப் பார்க்கலாம், ஆயிரம் ஜோடி கூட்டிப் பார்க்கலாம். அது சோதனை.

இப்படிச் செய்யுங்கள். முதல் கூடையில் மாங்காயை இரண்டிரண்டாக ஜோடி சேர்த்து எடுத்து வையுங்கள். ஒற்றைப்படை என்பதால் கடைசியில் ஒன்று மிஞ்சும். இரண்டாவது கூடையிலும் ஒன்று மிஞ்சும். மிஞ்சிய இரண்டையும் ஜோடி சேர்த்துவிடுங்கள். எதுவும் மிஞ்சவில்லை. கூடையில் மூன்று இருந்தாலும் முப்பது கோடியே ஒன்று இருந்தாலும் இந்தப் பேச்சு மாறாது. இதுதான் நிரூபணம். ஒரு எண்ணைக்கூட நாம் கூட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒற்றைப்படை என்ற சொல்லின் அர்த்தத்தை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

ஒரு புரோகிராமும் கடைசியில் ஒரு கணக்குதான். ஒவ்வொரு வரியும் என்ன செய்யும் என்பதற்குத் திட்டமான அர்த்தம் உண்டு. அந்த அர்த்தங்களைக் கோத்து, எந்த உள்ளீட்டுக்கும் இப்படித்தான் நடக்கும் என்று காட்டிவிடலாம்.

முதலில் கேள்வியை ஒழுங்காகக் கேள்

“பெட்டி சரியா இருக்கான்னு நிரூபிச்சுக் காட்டுங்க” என்றான் அக்கா மகன். ‘சரியா இருக்கிறது’ என்றால் என்ன என்று கேட்டேன். “சரியா இருக்கிறதுன்னா… சரியா இருக்கிறது.”

இங்கேதான் பாதிப்பேர் வழுக்குகிறார்கள். ‘சரி’ என்று எதையும் நிரூபிக்க முடியாது. இன்னது நடக்க வேண்டும், இன்னது நடக்கவே கூடாது என்று பிசிறில்லாமல் எழுதித் தர வேண்டும். அந்த எழுத்துக்கு விவரக்குறிப்பு என்று பெயர். நாங்கள் மண்டித் திண்ணையில் உட்கார்ந்து எழுதியது இரண்டே வரி:

மொத்தம் எப்போதும் அதுவரை போட்ட நிகர எடைகளின் கூட்டலுக்குச் சமமாக இருக்க வேண்டும்.

பட்டனை அழுத்துவதால் மொத்தம் ஒருபோதும் குறையக் கூடாது.

அக்கா வீட்டுக்காரர் கல்லாவிலிருந்தே, “இதைக்கூடவா எழுதுவாங்க?” என்றார். எழுதித்தான் ஆக வேண்டும். ஒரு மனிதரிடம் சொல்லாமலே புரியும் விஷயங்கள்தான் மிஷினிடம் சொல்லாமல் விட்டுப்போகின்றன.

இப்படி எழுதுவதற்கு ஒரு முறை உண்டு. 1967-இல் ராபர்ட் ஃப்ளாய்டும் 1969-இல் டோனி ஹோரும் அதை ஒழுங்குபடுத்தினார்கள். அதற்கும் முன்னால், 1949-இலேயே கணினியியலின் முன்னோடி ஆலன் டூரிங் இந்த வழியில் ஒரு புரோகிராமைச் சரிபார்த்துக் காட்டியிருக்கிறார். முறை எளிமையானது: இந்த வரிக்கு முன்னால் இது உண்மையாக இருந்தால், வரி ஓடிய பின்னால் அது உண்மையாக இருக்கும். முன்னால், வரி, பின்னால். நாற்பது வரிக்கும் இப்படிச் சங்கிலி கோத்தால் முதல் வரியிலிருந்து கடைசி வரிக்குப் போய்ச் சேரலாம்.

பட்டனை எத்தனை முறை அழுத்துவார்கள் என்று தெரியாதே? அதற்குத்தான் மாறாக்கூற்று. திரும்பத் திரும்ப நடக்கிற வேலையில், ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் உண்மையாகவே நிற்கிற வாக்கியம் அது. நம் பெட்டிக்கு ஒன்று சொல்கிறேன். எடைமேடை 300 கிலோவுக்கு மேல் தாங்காது. ஆகவே மொத்தம், அழுத்திய எண்ணிக்கையைப் போல 300 மடங்கைத் தாண்டாது. காலையில் எண்ணிக்கையும் பூஜ்யம், மொத்தமும் பூஜ்யம்; உண்மை. ஒரு முறை அழுத்தினால் எண்ணிக்கை ஒன்று ஏறும், மொத்தம் அதிகபட்சம் 300 ஏறும்; முன்னால் உண்மையாக இருந்தால் பின்னாலும் உண்மை. ஆகவே எத்தனை முறை அழுத்தினாலும் உண்மை. பத்தாவது வகுப்புப் பையனுக்கும் புரிகிற பேச்சுதான்.

இதை எழுதிய உடனே அடுத்த கேள்வி தானாக எழுந்து நிற்கும்: அப்படியானால் மொத்தம் 32,767-ஐத் தாண்டாமல் இருக்க, ஒரு நாளைக்கு எத்தனை முறை அழுத்தலாம்? அதை யாரும் எங்கேயும் சொல்லவே இல்லை. நூறு சோதனையில் தெரியாத ஓட்டை, ஒரு வாக்கியத்தை ஒழுங்காக எழுதியதில் தெரிந்துவிட்டது. என்னைக் கேட்டால், இந்தத் துறையின் பாதிப் பயன் இங்கேயே வந்துவிடுகிறது, மிஷினே தேவையில்லை.

சுருக்கமாக: விவரக்குறிப்பு என்பது கேள்வி. மாறாக்கூற்று என்பது ஒவ்வொரு சுற்றிலும் விழாமல் நிற்கிற வாக்கியம். நிரூபணம் என்பது வரிக்கு வரி கோத்த சங்கிலி.

காதுகுத்துக்கு யார் யார் வருவார்கள்?

நாற்பது வரியைக் கையால் கோக்கலாம். நாலு லட்சம் வரியை? அதற்குத்தான் மிஷினையே தர்க்கம் பண்ண வைக்கிறார்கள். இது தானியங்கித் தர்க்கம். இதன் அடிவேலை எப்படி நடக்கிறது என்பதை ஒரு காதுகுத்து விழாவை வைத்துப் பார்ப்போம். எங்கள் பக்கத்துச் சொந்தபந்தங்களுக்கு இது கற்பனை என்று சொல்லிக்கொள்கிறேன்.

தாய்மாமன் வந்தே ஆக வேண்டும். குழந்தை உட்காருவது அவர் மடியில். பங்காளிகளில் பெரியப்பாவோ சித்தப்பாவோ ஒருவராவது வர வேண்டும். தாய்மாமன் இருக்கிற பந்தலில் அத்தை காலடி வைக்க மாட்டார், நிலத்தகராறு. பெரியப்பா வந்தால் அத்தையும் கூடவே வருவார். சித்தப்பா வந்தாலும் அத்தையைக் கூட்டிக்கொண்டுதான் வருவார். எல்லா நிபந்தனையும் பொருந்துகிற மாதிரி ஒரு கூட்டத்தைச் சேர்க்க முடியுமா?

நாலு பேர், ஒவ்வொருவரும் வருவார் அல்லது வர மாட்டார். மொத்தம் 16 விதம். பதினாறையும் எழுதிப் பார்க்கத் தேவையில்லை. தாய்மாமன் கட்டாயம், ஆகவே அத்தை இல்லை. அத்தை இல்லை, ஆகவே பெரியப்பா இல்லை, சித்தப்பாவும் இல்லை. ஆனால் இருவரில் ஒருவராவது வேண்டும் என்றோம். முட்டிக்கொண்டது. முடியாது. யாரோ ஒரு நிபந்தனையை விட்டுக்கொடுத்தால்தான் விழா.

‘ஆம்’, ‘இல்லை’ மட்டும் உள்ள இப்படிப்பட்ட புதிரைத் தீர்க்கும் மென்பொருளுக்கு சாட் சால்வர் என்று பெயர். நாலு பேருக்கு 16 விதம் என்றால் 300 பேருக்கு வருகிற எண்ணிக்கை, கண்ணுக்கு எட்டிய பிரபஞ்சத்தில் உள்ள அணுக்களைவிட அதிகம். ஆனாலும் இன்றைய சால்வர்கள் லட்சக்கணக்கான ஆம்-இல்லைகள் உள்ள புதிர்களை நடைமுறையில் தீர்த்துத் தருகின்றன. ஒன்றைத் தீர்மானித்தால் அதிலிருந்து தானாக விழுகிறவற்றையெல்லாம் இழுத்துக்கொண்டு போவது, முட்டினால் பின்வாங்குவது என்ற வழி 1960-களின் தொடக்கத்தில் வந்தது. 1990-களில் ஒரு கூர்மையான யோசனை சேர்ந்தது: முட்டிக்கொண்டால் சும்மா பின்வாங்காதே, ஏன் முட்டியது என்று ஒரு வரி எழுதி வைத்துக்கொள். விவரமான கல்யாண புரோக்கர் இதைத்தான் செய்கிறார். அந்தக் குடும்பமும் இந்தக் குடும்பமும் ஒத்துவராது என்று ஒரு தடவை அடிபட்டுவிட்டால், அந்த ஜோடியை எந்த ஜாதகத்தோடும் திரும்பக் கொண்டுவர மாட்டார்.

எந்தப் புதிரைக் கொடுத்தாலும் வேகமாகத் தீர்க்கிற வழி இன்றுவரை யாரிடமும் இல்லை. சில புதிர்கள் சால்வரையே மூச்சுத் திணற வைத்துவிடும். அப்போது அது பதில் தராமல் ஓடிக்கொண்டே இருக்கும். நாம் டீ குடித்துவிட்டு வரலாம்.

புரோகிராமுக்கும் காதுகுத்துக்கும் என்ன சம்பந்தம்? 16 பிட் எண் என்பது 16 ஆம்-இல்லைகள். கூட்டல் என்பது அவற்றுக்கு நடுவே உள்ள நிபந்தனைகள். இப்போது தலைகீழாகக் கேட்க வேண்டும்: “இந்த நிபந்தனைகளுக்கு உட்பட்டு, மொத்தம் தப்பாகப் போகிற மாதிரி ஒரு கூட்டத்தைச் சேர்க்க முடியுமா?” முடியாது என்று பதில் வந்தால், அதுதான் நிரூபணம். முடியும் என்றால், எப்படி என்று சால்வரே எண்களை எடுத்துக் கையில் கொடுக்கும். அதற்கு எதிர் எடுத்துக்காட்டு என்று பெயர்.

பையனின் நாற்பது வரியில் கூட்டல் நடக்கிற பகுதியை, புரோகிராமை இப்படிப் புதிராக மாற்றிக் கேட்கிற சிபிஎம்சி என்ற இலவசக் கருவிக்குக் கொடுத்தோம். எண்கள் 16 பிட் என்பதையும் சொன்னோம். கண் மூடித் திறப்பதற்குள் மீட்டர் சுற்றுகிற இடத்தைக் காட்டிவிட்டது. அது எங்களுக்குத் தெரிந்த பிழைதான். மொத்தம் குறையக் கூடாது என்ற இரண்டாவது வரிக்கு வந்த எதிர் எடுத்துக்காட்டுதான் ஆளை அசத்தியது: எடை 0.

காலி மேடையில் பட்டனை அழுத்தினால், பூஜ்யத்தில் 6 கிலோ கிரேட் எடையைக் கழித்து, மொத்தத்தில் 6 கிலோ குறைந்துவிடும். சீசன் முழுக்க அந்தப் பட்டன் அங்கேதான் இருந்தது. எத்தனை கை பட்டதோ! எத்தனை விவசாயிகளுக்கு ஆறு ஆறு கிலோவாகப் போனதோ! அக்கா வீட்டுக்காரர் அன்று சாயங்காலம் முழுக்க நோட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தார்.

ஒற்றைத் தடத்தில் இரண்டு ரயில்

சில பிழைகள் எண்ணில் இருக்காது; யார் முன்னே, யார் பின்னே என்பதில் இருக்கும். தருமபுரி வழியாக ஓசூர் போகும் ரயில்பாதை ஒற்றைத் தடம். பாலக்கோடு ஒரு முனை, மாரண்டஹள்ளி மறுமுனை என்று வைத்துக்கொள்வோம். நிஜ ரயில்வேயின் விதிகள் மிகக் கறாரானவை, நான் வேண்டுமென்றே ஒரு மோசமான விதியைக் கற்பனை செய்கிறேன்: “தடம் காலியா என்று பார், காலி என்றால் அனுப்பு.”

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பாலக்கோட்டுக்காரர் பார்க்கிறார், காலி. அவர் பச்சைக்கொடியை எடுப்பதற்குள் மாரண்டஹள்ளிக்காரரும் பார்க்கிறார், காலி. இவர் அனுப்புகிறார். அவரும் அனுப்புகிறார். நாலே படி. பார்ப்பதற்கும் அனுப்புவதற்கும் நடுவில் உள்ள அந்தச் சின்ன இடைவெளிதான் எமன். ஆயிரம் நாள் சோதித்தாலும் இரண்டு பேரும் அதே நொடியில் பார்க்காமல் போகலாம். ஆயிரத்து ஓராவது நாள் பார்க்கலாம்.

இந்த மாதிரிப் பிழைக்கு ஏற்றது மாடல் செக்கிங். அமைப்பு எந்தெந்த நிலையில் இருக்கலாம், ஒரு நிலையிலிருந்து எங்கெங்கே தாவலாம் என்று முழு வரைபடத்தையும் மிஷின் போட்டு, ஒவ்வொரு சந்திலும் நுழைந்து, ‘இரண்டு ரயிலும் தடத்தில்’ என்ற கெட்ட நிலைக்கு வழி உண்டா என்று பார்க்கும். வழி இருந்தால் மேலே சொன்ன நாலு படியையும் வரிசையாக எழுதித் தரும். 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் எட்மண்ட் கிளார்க்கும் ஆலன் எமர்சனும், பிரான்சில் ஜோசப் சிஃபாகிஸும் இந்த வழியைத் திறந்தார்கள். மூவருக்கும் கணினியியலின் மிக உயர்ந்த விருதான டூரிங் விருது 2007-ஆம் ஆண்டுக்குக் கிடைத்தது.

ரயில்வே இதற்குக் கணினி வருமுன்பே விடை கண்டுபிடித்துவிட்டது என்பதுதான் அழகு. ஒற்றைத் தடத்துக்கு ஒரே ஒரு டோக்கன். அது கையில் இருந்தால்தான் டிரைவர் தடத்தில் ஏறலாம். இப்போது வரைபடத்தைத் திரும்பப் போட்டால், கெட்ட நிலைக்கு ஒரு சந்துகூட இல்லை. ஒரு டோக்கன் இரண்டு கையில் இருக்க முடியாது என்ற ஒரே மாறாக்கூற்று போதும்.

பாரிஸ் மெட்ரோவின் 14-ஆவது தடம் 1998-இல் டிரைவர் இல்லாமல் ஓடத் தொடங்கியது. அதன் பாதுகாப்புப் புரோகிராமை, எழுதும்போதே நிரூபித்துக்கொண்டு போகும் ஒரு முறையில் எழுதினார்கள்.

மிஷினும் மனிதரும் சேர்ந்து

சால்வரும் மாடல் செக்கரும் தாமாக ஓடுபவை. சில நிரூபணங்கள் அதற்கு அடங்காது. எந்த வழியில் போவது என்று மனிதர் சொல்ல வேண்டும், ஒவ்வொரு எட்டும் செல்லுமா என்று மிஷின் பார்க்கும். இதற்கு நிரூபண உதவியாளர் என்று பெயர். கறாரான கணக்குப்பிள்ளை மாதிரி. “அதெல்லாம் தெரிஞ்சதுதானே” என்றால் ஒத்துக்கொள்ளாது.

இந்த வரிசையில் நம் ஆட்களுக்குத் தெரிய வேண்டிய ஒருவர் நடராஜன் சங்கர். சென்னை ஐஐடியில் படித்துவிட்டு டெக்சாஸ் பல்கலைக்கழகம் போனவர். தர்க்கவியலாளர் கோடலின் முழுமையின்மைத் தேற்றம் என்பது கணிதத்தின் எல்லையைப் பற்றியே பேசுகிற, தலை சுற்ற வைக்கும் தேற்றம். அதன் நிரூபணத்தை ஒரு எட்டுகூட விடாமல் மிஷினைச் சரிபார்க்க வைத்ததுதான் 1986-இல் முடித்த அவருடைய ஆய்வு. பிறகு கலிஃபோர்னியாவில் எஸ்ஆர்ஐ நிறுவனத்தில் சாம் ஓவ்ரே, ஜான் ரஷ்பி ஆகியோருடன் சேர்ந்து பிவிஎஸ் என்ற நிரூபண உதவியாளரை உருவாக்கினார். விமானங்கள் ஒன்றையொன்று நெருங்காமல் விலகிப்போகும் கணக்குகளைச் சரிபார்க்க நாசா அதைப் பயன்படுத்துகிறது. சென்னையிலும் தரமணி கணித அறிவியல் நிறுவனத்திலும் சிறுசேரி சென்னைக் கணிதக் கழகத்திலும் இந்தத் துறையில் ஆராய்ச்சி நடக்கிறது. கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு பஸ் தூரம்தான்.

இது எவ்வளவு உழைப்பு என்பதற்கு ஒரு அளவு. செல்ஃபோர் என்ற இயக்குதளத்தின் மையப்பகுதியை 2009-இல் ஆஸ்திரேலியாவில் நிரூபித்து முடித்தார்கள். புரோகிராம் சுமார் 8,700 வரி. நிரூபணம் சுமார் 2 லட்சம் வரி. ஒரு கிலோ மாங்காய்க்கு இருபது கிலோ வைக்கோல். எல்லா மென்பொருளுக்கும் இது கட்டுப்படியாகாது. மொபைல் விளையாட்டுக்கு யாரும் செய்யவும் மாட்டார்கள்.

இடையில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். இப்போது பேசுகிற ஏஐ செயலிகளும் தர்க்கம் பேசுகின்றன. ஆனால் அவை நம்பும்படியாகப் பேசப் பழகியவை. நிரூபண உதவியாளர் அப்படியல்ல. விதிக்கு உட்படாத ஒரு எட்டையும் ஏற்காது. இரண்டையும் இப்போது சேர்த்துக் கட்டுகிறார்கள்: ஏஐ நிரூபணத்தை எழுதட்டும், லீன் மாதிரியான உதவியாளர் திருத்தட்டும். மாணவன் எவ்வளவு வாயாடியாக இருந்தாலும் விடைத்தாள் திருத்துகிறவர் கறாராக இருந்தால் பயமில்லை.

எது நிரூபிக்கப்படவில்லை

எல்லாப் புரோகிராம்களையும் பற்றி எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்கிற ஒரு புரோகிராம் இருக்கவே முடியாது. ஒரு புரோகிராம் எப்போதாவது நிற்குமா என்ற கேள்விக்கே பொதுவான வழி கிடையாது என்று டூரிங் 1936-இல் காட்டிவிட்டார். ஆகவே கருவி சில சமயம் கையை விரிக்கும். அது அதன் குறையில்லை.

அதைவிட முக்கியமானது இது. நிரூபணம் நீங்கள் கேட்ட கேள்விக்குத்தான் பதில். பெட்டியைத் திருத்தினோம்: மொத்தத்துக்கு 32 பிட் இடம், எடை 6 கிலோவுக்கு மேல் இருந்தால் மட்டும் கூட்டு. 32 பிட்டின் எல்லை 214 கோடி கிலோவுக்கு மேல். ஒரு எடை 300 கிலோ, ஒரு நாளைக்கு 5,000 எடை என்று தாராளமாக வைத்தாலும் 15 லட்சம் கிலோதான். இப்போது கருவி எதிர் எடுத்துக்காட்டு எதுவும் தரவில்லை.

ஆனால் எடைமேடையின் ஒயரை எலி கடித்தால்? அது விவரக்குறிப்பில் இல்லை. மேடையின் ஓரத்தில் யாரோ காலை வைத்தால்? இல்லை. கிரேட் நிஜமாகவே 2 கிலோதானா, நனைந்த கிரேட் கூட வருமே? 6 கிலோ கழி என்று எழுதியதால் 6 கழிக்கிறது. அந்த 6 நியாயமா என்பது மண்டிக்காரருக்கும் விவசாயிக்கும் நடுவில் உள்ள வழக்கு. மூன்றுக்குப் பதில் இரண்டு கிரேட் அடுக்கினாலும் பெட்டி 6-தான் கழிக்கும், நிரூபணத்தோடு கழிக்கும். அப்புறம், நாங்கள் நம்பியிருக்கிற அந்த 300, 5,000, இவை வெறும் ஊகம். ஏரியான் 4-க்கும் இப்படிச் சில ஊகங்கள் இருந்தன. அவை புது ராக்கெட்டின் மேல் எழுதி ஒட்டப்படவில்லை.

அதனால் பையனிடம் ஒன்று சொன்னேன். அவன் ஒரு வெள்ளைத் தாளை எடுத்துப் பெட்டியின் மூடியில் ஒட்டி, மார்க்கரில் எழுதினான்: “ஒரு எடை 300 கிலோவுக்குள். ஒரு நாளைக்கு 5,000 எடைக்குள். எப்போதும் மூன்று கிரேட். தினமும் காலை பூஜ்யம் ஆக்கவும்.” அக்கா வீட்டுக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைப் படித்தார். பேனாவை வாங்கிக் கீழே தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்தார்: “நோட்டிலும் எழுதவும்.”